இடது பக்கத்துச் சோடி

கல்யாணமாகி எட்டு வருடத்துக்குப் பிறகு என் கணவருக்கு ஒரு சோடி கிடைத்தது. அது நானில்லை. அவள் பிறேசில்காரி. ஜேர்மனிக்குக் கோடைகாலப் படிப்புக்கு வந்தவள். சிரித்தால் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும். நான் பல் வைத்தியரின் கிளினிக்கில் உதவியாளராக இருப்பதால்தான் அதைக் கவனித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. நம்ப வேண்டாம். ஒரு சொத்தைப் பல்லாவது இருக்காதா என்று அவர் அனுப்பிய படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். இருக்கவில்லை.

அவர் இங்கே திருகோணமலையில், பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளர். ஜேர்மன் மொழி படித்து, பரீட்சை எழுதி, ஒரு மாதப் புலமைப்பரிசில் கிடைத்துப் போனார். நான்தான் உடுப்பு மடித்து வைத்தேன், நான்தான் பருத்தித்துறை வடை வாங்கிப் பெட்டிக்குள் திணித்தேன். பல நாட்டு மாணவர்கள் ஒன்றாகப் படிப்பார்கள், கிழமை நாளில் வகுப்பு, சனிக்கிழமையில் பஸ்ஸில் சுற்றுலா என்று சொல்லியிருந்தார். நல்லது, நாலு இடம் பார்த்துவிட்டு வரட்டும் என்று நினைத்தேன். நாலு இடத்திலும் அவருக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

முதல் சனிக்கிழமை ஒரு பழைய கோட்டையின் படம் வந்தது. கோட்டைச் சுவர், அதன் முன்னால் இவர், இவருடைய இடது பக்கத்தில் சுருட்டைத் தலைமுடியோடு அவள். சரி, யாரோ கூடப் படிப்பவள். அடுத்த சனிக்கிழமை றைன் நதியில் படகு. படகின் கம்பியைப் பிடித்தபடி இவர், இடது பக்கத்தில் அவள். பிறகு ஒரு பழைய நிலக்கரிச் சுரங்கம். தலையில் மஞ்சள் தொப்பியோடு இவர், இடது பக்கத்தில் அதே தொப்பியோடு அவள். அந்தத் தொப்பி அவளுக்கு வடிவாக இருந்தது. இவருக்கு இருக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

வயிறு எரிந்தது. அதை மறைத்துப் பேசி என்ன காணப்போகிறேன்? ஆனால் அவளுடைய தலைமுடிக்கும் சிரிப்புக்கும் மட்டும் எரிந்திருந்தால் இரண்டு நாளில் அணைந்திருக்கும். எரிந்தது, அவர்கள் இரண்டு பேரும் நின்ற விதத்துக்கு. தோளுக்குத் தோள் நேராக, ஒரே வரியில் நின்றார்கள்.

என் கணவர் நடக்கிற விதத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் இது விளங்கும். அவர் எப்போதும் முன்னால் நடப்பார். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வழியாக ஏறும்போது அவர் முன்னால், நான் பின்னால், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கோட்டைக்குள் திரிகிற மான்கள். மாட்டை மேய்க்கிறவன்கூட மாட்டுக்குப் பின்னால்தான் போவான், திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்க வேண்டும். இவர் பார்க்க மாட்டார். அவருடைய முகத்தைவிட முதுகுதான் எனக்கு நல்ல பழக்கம். எந்தச் சேட்டில் எந்த இடத்தில் நூல் கிளம்பியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் நிலாவெளிக்குப் போக பஸ் நிலையத்துக்கு வந்தோம். நான் கொறிக்க வறுத்த கச்சான் கடலை வாங்கிக்கொண்டு திரும்பினேன், பஸ் இல்லை. இவர் ஏறி, இருக்கை பிடித்து, போய்விட்டார். போகிற வழியில், உப்புவெளியில் நடத்துநர் வந்து எத்தனை டிக்கெட் என்று கேட்க, "ரெண்டு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் பார்த்தாராம். அதற்குப் பிறகுதான் மனைவி என்று ஒருத்தி இருக்கிற நினைவு வந்திருக்கிறது. ஓட்டோ பிடித்துத் திரும்பி வந்தார். நான் கச்சான் சுற்றிய கடதாசிச் சரையை வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றேன்.

இந்தக் கதையை அவருடைய வீட்டு ஆட்கள் ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிச் சிரிப்பார்கள். "ரெண்டு எண்டு டிக்கெட் கேட்டவன்" என்று அவருக்கே பட்டப்பெயர். நானும் சேர்ந்து சிரிப்பேன். பல் மட்டும்தான் சிரிக்கும்.

ஆகவே அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இவருக்குப் பக்கத்தில் நிற்கத் தெரியுமென்றால் இத்தனை வருடமும் ஏன் எனக்குப் பக்கத்தில் நிற்கவில்லை?

எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்க்க மச்சாள் இருந்தாள். இவருடைய தங்கச்சி, எங்களுக்குப் பக்கத்து வீடு. பின்னேரம் படம் வந்த உடனே வேலிக்கு மேலால் கையை நீட்டி என் போனை வாங்கிவிடுவாள்.

"அண்ணா மெலிஞ்சிட்டார் என்ன?"

"ஓம்."

"அந்தப் பிள்ளை நல்ல வடிவு என்ன? இந்தப் படத்திலயும் நிக்குது. அதிலயும் நிண்டது."

"ஓம்."

"சும்மாதான் சொன்னனான்," என்று போனைத் திருப்பித் தருவாள். எங்கள் ஊரில் வீடு எரிவதற்கு நெருப்புக்குச்சி தேவையில்லை, "சும்மாதான் சொன்னனான்" போதும்.

அடுத்த முறை அவர் வீடியோவில் பேசியபோது நான் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"ஆர் அது, உங்கட இடது பக்கத்தில எப்பவும் நிக்கிறது?"

"ஓ, அவளோ? அவள் என்ர சோடி."

சொல்லிவிட்டு அவர் தேநீரைக் குடித்தார். நான் போனைக் குசினி மேசையில் குப்புற வைத்துவிட்டு, பிறகு எடுத்தேன்.

விளக்கம் வந்தது. அங்கே சுற்றுலாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிற ஆசிரியை ஒரு வயதான பெண். கண்டிப்பானவள். யாரும் தொலைந்துவிடக் கூடாதென்று முதல் நாளே எல்லோரையும் சோடி சோடியாகப் பிரித்துவிட்டாள். பஸ் வெளிக்கிட முதல் ஒவ்வொருவரும் தன் சோடியின் கையைப் பிடித்து உயர்த்திக் காட்ட வேண்டும். எல்லாக் கையும் உயர்ந்தால்தான் பஸ் நகரும். அவ்வளவுதான், அது விதி, நீர் ஏன் கோவிக்கிறீர் என்றார்.

"நான் கோவிக்கேல்ல," என்றேன்.

கோவிக்கவில்லைதான். கோபம் வேறு, இது வேறு. கோபத்துக்கு ஒரு குற்றம் வேண்டும், எனக்கு அது கிடைக்கவில்லை. அவர் ஒளிக்கவில்லை, அவள் ஒன்றும் செய்யவில்லை, படங்களை அனுப்பியதும் அவர்தான். எனக்கு வந்தது சுத்தமான பொறாமை.

அதற்குப் பிறகுதான் கொலோன் போனார்கள். அங்கே ஒரு பெரிய தேவாலயம், வானத்தை முட்டும் கோபுரம். பின்னேரம் எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். இவருடைய இடது பக்கம் வெறுமையாக இருந்திருக்கிறது. அவளைக் காணவில்லை. போன் எடுக்கவில்லை. இவர் இறங்கி ஓடி, தேவாலயம் முழுக்கத் தேடி, கோபுரத்துப் படியில் ஏறியிருக்கிறார். பாதி வழியில் அவள் தலைசுற்றி உட்கார்ந்திருந்தாளாம். பையை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து மெல்ல மெல்ல இறக்கினாராம். பஸ்ஸில் எல்லோரும் கைதட்டினார்களாம்.

இதை எனக்கு ஒரு வீரச் செயலாகச் சொன்னார். முகமெல்லாம் புளுகம், அப்படியொரு சந்தோஷம்.

"படியெல்லாம் ஏறினனீங்களோ?"

"ஓம், மூச்சு வாங்கிப் போச்சு."

"நான் நிண்ட இடத்தில படியும் இல்லை, கோபுரமும் இல்லை," என்றேன். "சும்மா கச்சான்காரனுக்குப் பக்கத்தில."

அவருக்கு விளங்கவில்லை. தொடர்பு சரியில்லை என்று நினைத்து, "கேக்குதோ? கேக்குதோ?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் சுற்றுலா போனேன். மச்சாளை இழுத்துக்கொண்டு கோட்டைக்குப் போய், துறைமுகம் முதுகுக்குப் பின்னால் தெரியும்படி நின்று, மச்சாளை இடது பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன். எடுக்கிற நேரத்தில் ஒரு மான் வந்து என் கைப்பையிலிருந்த வாழைப்பழத்தைப் பையோடு இழுத்தது. படத்தில் நானும் மானும் பையைப் பிடித்து இழுபறிப்படுகிறோம், மச்சாள் வாயைத் திறந்தபடி நிற்கிறாள். அதையே அனுப்பினேன். பெருவிரலை உயர்த்திக் காட்டுகிற ஒரு சின்னப் படம் பதிலாக வந்தது. அவருக்கும் கொஞ்சம் எரியும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

மாதம் முடிந்து வந்தார். பெட்டியைத் திறந்து சொக்கலேற், எனக்கொரு கம்பளிச் சால்வை, மச்சாளுக்கு வாசனைத் திரவியம் எல்லாம் எடுத்து வைத்தார். திருகோணமலை வெயிலில் கம்பளிச் சால்வையை எங்கே போடுவது என்று நான் கேட்கவில்லை. கடைசியில் ஒரு சிவப்பு நாடாவை எடுத்தார். பிறேசிலில் கையில் கட்டுவார்களாம், கட்டும்போது ஒன்றை நினைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டால் அது நடக்குமாம். அவள் எனக்கென்று கொடுத்துவிட்டாளாம்.

"உம்மைப் பற்றி நிறையக் கேப்பாள்," என்றார்.

அவள் நல்லவள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. நாடாவைக் கொண்டுபோய்க் குசினியில் இடியப்ப மா பையின் வாயைக் கட்டினேன். கட்டும்போது ஒன்றை நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து, அவரோடு வேலை செய்யும் ஒருவர் நிலாவெளியில் புது வீடு குடிபுகுந்தார். சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். பஸ் நிலையம் வரை அவர் முன்னால்தான் நடந்தார். நான் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். பஸ் நின்றது. அவர் ஏறினார். நான் ஏறவில்லை.

வேண்டுமென்றேதான் செய்தேன். கச்சான் வண்டி இப்போதும் அங்கேதான் நிற்கிறது. அங்கே போய் ஒரு சரை வாங்கினேன். மிச்சக் காசைப் பார்க்கிறவள்போல் நின்றேன். நடத்துநர் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்ட, பஸ் நகரத் தொடங்கியது. பிறேசில்காரிக்காகப் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியவர் எனக்காக இறங்காவிட்டால், பிறகு நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்? யாராவது கேட்டால் எதைச் சொல்லிச் சிரிப்பேன்?

பஸ் சட்டென்று நின்றது. மிதிபலகையில் அவர் தொங்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, பொறுங்கோ! என்ர சோடி இன்னும் ஏறேல்ல!"

பஸ் நிலையமே சிரித்தது. கச்சான்காரர், "போங்கோ பிள்ளை, ஐயா கூப்பிடுறார்," என்றார். நான் ஓடினேன். அந்த வயதில் அந்தச் சேலையோடு ஓடக் கூடாத ஓட்டம். அவர் கை கொடுத்து ஏற்றினார். யன்னலோரத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். உட்கார்ந்தேன், பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். அவர் எனக்காக ஒரு பஸ்ஸை நிறுத்துவதற்கு எட்டு வருடமாகக் காத்திருந்தவள் நான். புளுகத்தில் கச்சானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப சரியோ ஐயா? போவமோ?" என்று நடத்துநர் பகிடியாகக் கேட்டார்.

"பொறுங்கோ, காட்டுறன்," என்று சொல்லிச் சிரித்தபடி அவர் என் கையைத் தூக்கப் பார்த்தார்.

நான் அவருடைய வலது பக்கத்தில் இருந்தேன். அவருடைய இடது கை இடது பக்கமாகப் போனது. அங்கே நடைவழி. கூடையோடு நின்ற ஒரு பெண் திடுக்கிட்டுச் சேலையை இழுத்துக்கொண்டாள். கை காற்றில் எதையோ தேடித் துழாவிவிட்டு வெறுமையாகத் திரும்பியது.

என் புளுகம் அவ்வளவும் அங்கேயே இறங்கிவிட்டது. அந்தக் கை யாரைத் தேடிப் போனது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்காகப் பஸ்ஸை நிறுத்தக் கற்றுக்கொண்டதும் அந்தப் பக்கத்தில்தான்.

"இஞ்சால மாறி இரும்," என்றார் கள்ளமில்லாமல். "எனக்கு இந்தப் பக்கம்தான் பழக்கமாப் போச்சு."

"ஏலாது," என்றேன். "நான் இருக்கிறது இந்தப் பக்கம். நீங்கள் இந்தக் கையைப் பழக்குங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ தெரியாது, சிரிப்பை நிறுத்திவிட்டார். புது வீட்டுக்கென்று வலது கையில் வைத்திருந்த பரிசுப் பொதியை மடியில் வைத்துவிட்டு, அந்தக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி சரியில்லை, காப்பு எலும்பில் குத்தியது. தூக்கியபோது என் விரல் மேல் கம்பியில் இடித்தது. நடத்துநர் விசில் அடித்தார், பஸ் வெளிக்கிட்டது. அவர் கையை இறக்கப் பார்த்தார்.

உப்புவெளி தாண்டும்வரை நான் இறக்க விடவில்லை.