தலைமாட்டுச் சுவர்

கடலூரில் எங்கள் வீடு கடலுக்கு மிகப் பக்கம். படுக்கையறையில் தலைமாட்டுச் சுவர் எப்போதும் ஓதம் பிடித்தே கிடக்கும். எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் ஒரு மழைக்காலம் தாங்காது, பொரிந்து உதிரும்.

சிதம்பரத்தில் என் மனைவியின் அண்ணன் வீடு கட்டி, ஹால் சுவர் முழுக்கத் தேக்கு நிறத்தில் பலகை பதித்திருந்தார். பார்த்த அன்றே எனக்கு ஆசை பற்றிக்கொண்டது. ஓதத்தைச் சரிசெய்வது பெரிய வேலை, பலகை போட்டு மூடிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். உள்ளே ஈரம் அப்படியேதானே இருக்கும் என்று மனைவி கேட்டாள். வெளியே தெரியாது என்றேன். எனக்கு எல்லாமே வெளியே தெரியாமல் இருந்தால் போதும்.

ஆசாரி இரண்டு நாள் சுவரைத் துளைத்தார், ஆணி அடித்தார், திருகினார். அறை ஓட்டல் அறை மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வாரம்தான் அவள் மாசமாக இருப்பது தெரிந்தது. அதற்கடுத்த வாரம் கரு கலைந்துவிட்டது.

மாசமாக இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் மாமியார் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், பலகை வேலை எப்போது நடந்தது என்று. சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். கோர்ட்டில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன் நான், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் அந்தத் தலையாட்டல் என்னை விட்டுப் போகவே இல்லை.

மறுபடி உண்டாகி ஏழாம் மாதம். ஒருநாள் காலையில் தலையணையை எடுக்கும்போது புறங்கை பலகையில் பட்டது. ஓரிடத்தில் மட்டும் சூடு. காய்ச்சல்காரன் நெற்றி போல இருந்தது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். கை வைத்தார், மோந்து பார்த்தார். வீட்டுக்கு வரும் மெயின் லைன் அந்தச் சுவரில்தான் போகிறது, ஈரம் இறங்கி எங்கேயோ இணைப்பு சூடாகிறது, பலகையைக் கழற்றினால்தான் சரிசெய்ய முடியும் என்றார். பத்து நாளில் வளைகாப்பு, அது முடிந்து இவள் சிதம்பரம் போனதும் கழற்றலாமா என்று கேட்டேன்.

“பத்து நாள் தாங்குமான்னு எனக்குத் தெரியாது சார்.”

மாமியாருக்குப் போன் செய்தேன். வளைகாப்புக்கு முன்னால் அழைத்துப் போகச் சொன்னால் நாள் குறித்தாகிவிட்டது என்றார். பலகையைக் கழற்றவா என்று கேட்டேன்.

“ஒரு ஆணியக்கூட அசைக்காதீங்க மாப்ள. ஒரு தடவ பட்டது போதும்.”

ஒரு வருடமாக அவர் மனதில் இருந்தது இதுதான் என்று தெரிந்துவிட்டது. கழற்றினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும், கழற்றாவிட்டால் தாயும் பிள்ளையும் நெருப்பில். படுக்கையை ஹாலுக்கு மாற்றினேன். ஒரு வாளி மணலைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்தேன். மெயினை அணைத்து வைத்தால் ஃபேன் இல்லாமல் அவளுக்கு மூச்சு வாங்கும், மறுபடி போடுவேன். கோர்ட்டிலிருந்து மணிக்கொரு தடவை போன் போட்டுச் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பேன். நான் கேட்பது சுவரைப் பற்றி என்று அவளுக்குத் தெரியும். அப்படியேதான் இருக்கிறது என்று பதில் வரும்.

நான்காம் நாள் மதியம் அவள் போனை எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். வாசலிலேயே கருகல் வாடை.

படுக்கையறையில் அவள் திருப்புளியோடு நின்றாள். மெயினை அணைத்திருந்தாள். மூன்று பலகைகள் தரையில் கிடந்தன. ஒன்றின் பின்பக்கம் சோற்றுத்தட்டு அகலத்துக்குக் கரி. அவள் தலை வைத்துப் படுத்திருந்த இடம்.

எனக்கு வந்தது கோபம்தான். கத்தினேன். ஆணியை அசைக்காதே என்று உன் அம்மா சொன்னாரே, இன்னும் ஆறு நாள் பொறுக்க முடியாதா என்றேன். இடுக்கில் புகை வந்தது என்றாள். பிறகு என்னையே பார்த்துக் கேட்டாள்.

“அந்தக் கொழந்த இந்த ஆணியாலதான் போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தீங்களா?”

நான் குனிந்து கரிந்த பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்தேன்.

“நானும் அப்படித்தாங்க நெனச்சேன். நெனச்சிக்கிட்டே இதுக்குக் கீழ தெனமும் படுத்தேன்.”

ஒரே கட்டிலில் ஒரு வருடம் படுத்திருக்கிறோம். ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மீதிப் பலகைகளை நான் கழற்றினேன். ஒவ்வொரு திருகாணி வெளியே வரும்போதும் அவள் வயிற்றைப் பார்த்தேன். அவளும் கையை வயிற்றிலேயே வைத்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளை நன்றாக உதைக்கும். அன்று சுவர் முழுக்க மொட்டையாகியும் அசையவில்லை. அவள் சோறு சாப்பிட்டாள், வெல்லம் தின்றாள், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஆட்டோ கூப்பிடுகிறேன் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் உள்ளங்கை சில்லிட்டிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. பிறகு என் கைக்குக் கீழே ஒரு உதை, உடனே இன்னொன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் பிள்ளை போனபோது நான் அழவில்லை. அன்றைக்குத்தான் அதற்காக அழுதேன்.