தேசிக்காய் போகாத வீடு

விமலநாதன் குசினித் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறார். வலது கையில் ஒரு தேசிக்காய், சின்ன எலுமிச்சை. அதைப் பிரிட்ஜுக்கு அடியில் உள்ள இடைவெளிக்குள் மெல்லத் தள்ளுகிறார். அது பாதியில் இறுகி நிற்கிறது. இழுத்தெடுத்து, இரண்டு விரல் தூரம் தள்ளி வைத்துப் பார்க்கிறார். இந்த முறை உருண்டு உள்ளே போய்விடுகிறது.

"பாத்தீங்களே ஐயா," என்கிறார், தலையைத் தூக்காமலே. "தேசிக்காய் போனா ஹென்றியும் போவான்."

ஹென்றி ஒரு ஃபெரற். பார்வைக்குக் கீரி, ஆனால் மெலிவு. மூக்கிலிருந்து வால்நுனி வரை இருபத்தொரு அங்குலம். எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் மதாம் யோசெப்பின் அதைக் கூட்டில் அடைக்காமல் வீடு முழுக்க ஓடவிட்டு வளர்க்கிறார். யோசெப்பினுக்கு அறுபத்தொரு வயது. உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் இருந்து இருந்தே இடுப்பு மூட்டுத் தேய்ந்துவிட்டது. சத்திரசிகிச்சைக்கு இரண்டு முறை நாள் குறித்தார்கள். ஹென்றியைப் பார்க்க ஆளில்லை என்று இரண்டு முறையும் போகவில்லை. மூன்றாவது முறையும் போகாவிட்டால் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். படிக்கட்டில் இதைக் கேட்ட விமலநாதன், எங்களிடம் ஒரு சொல் கேளாமல், ஹென்றியைத் தான் வைத்திருப்பதாகத் தன் பிரெஞ்சில் சொல்லிவிட்டு வந்தார்.

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் வில்லரேப் பகுதியில், இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். உணவகமொன்றில் கோப்பை கழுவும் உருத்திரமூர்த்தி, நான், விமலநாதன். அவருக்கு நாற்பத்துநாலு வயது. திருகோணமலை ஆசுபத்திரியில் குழாய் வேலை செய்தவர். இங்கே சென்ட் லோரன்ட் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் மருந்துப் பெட்டி அடுக்குகிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் ஆட்களின் முகத்தைப் பார்க்குமுன் குழாய் சுவருக்குள் போகும் இடத்தைப் பார்ப்பார். அங்கே ஓட்டை இருந்தால் தேநீர் முழுவதையும் அதைப் பார்த்தபடியே குடிப்பார்.

ஓட்டைகளை அவர் அடைப்பது டின்மீன் தகரத்தால். டின்னை வெட்டி, நிமிர்த்தி, விளிம்பை மடித்து, நாலு மூலையிலும் ஆணி. குளியலறையில் இரண்டு, கழுவுதொட்டிக்குக் கீழே மூன்று என்று மொத்தம் பதினொரு தகரம். பதினொரு டின் மீனையும் நாங்கள் நாலு நாளில் சாப்பிட்டு முடித்தோம். ஒவ்வொரு தகரத்திலும் மீன் படம் வெளியே தெரியும்படி அடித்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "உள்ளுக்கு வைச்சா ஆர் பாக்கிறது?" என்றார்.

போன யூலை முதலாம் திகதி, ஊரே வீடு மாறும் நாளில், தெருவோரத்திலிருந்து தூக்கிவந்த சாய்கதிரை ஒன்று எங்களிடம் உண்டு. அதன் இரும்பு மடிப்புக்குள் ஹென்றி நசுங்கிவிடும் என்று அதைப் பின் பல்கனியில், பனிக்குள், கொண்டுபோய் வைத்தார். அது உருத்திரமூர்த்தி வேலையால் வந்து விழும் கதிரை.

"நான் வந்து ரெண்டு வரியமாகுது, அண்ணை. என்ரை அகதிக் கேசுக்கு இன்னும் ஒரு முடிவில்லை," என்றார் உருத்திரமூர்த்தி. "உந்த ஹென்றியர் வர முந்தியே அவருக்கு நிரந்தர வதிவிடம்."

"நீயும் மேசைக்குக் கீழ சுருண்டு படு. உனக்கும் தருவினம்," என்றார் விமலநாதன்.

யோசெப்பின் எழுதித் தந்த தாளில் 'றப்பர்' என்ற சொல்லுக்கு அடியில் மூன்று கோடு இருந்தது. றப்பரைக் கண்டால் ஹென்றி கடித்து விழுங்குமாம். குடலில் அடைத்தால் உயிர் போய்விடும். விமலநாதன் றப்பர் வளையங்கள், தொட்டி அடைப்பான், சுடுதண்ணீர்ப் பை எல்லாவற்றையும் ஒரு பிஸ்கற் பேணியில் போட்டுப் பூட்டினார். என் பென்சில்களின் பின்பக்கத்து அழிறப்பரையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார்.

1987 பெப்ரவரி 9, திங்கட்கிழமை, யோசெப்பின் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து வீட்டைப் பார்வையிட்டார். பதினாறு படிக்கு ஆறு நிமிடம் எடுத்தது. மீன் படங்களைக் கண்டு சிரித்தார். எங்கள் தொலைபேசியிலிருந்தே ஆசுபத்திரிக்கு அழைத்து, சத்திரசிகிச்சைக்குத் தான் வருவதாகச் சொன்னார். புதனன்று மத்தியானம் ஹென்றியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் சத்திரசிகிச்சை. இந்தப் புதன் மாலையே ஐந்து மணிக்கு அழைப்பேன், ஹென்றிக்கு ஏதாவது என்றால் உடனே திரும்பி வந்துவிடுவேன் என்பதுதான் கடைசியாகச் சொன்னது.

அன்றே மூன்றே முக்காலுக்கு விமலநாதன் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். நிலவறைத் துவைக்கும் இடத்துக்குப் போட்டுப் போகிற அவருடைய செருப்பில் வலது மட்டும் கிடந்தது. றப்பர் செருப்பு. வாசலில் கழற்றி விடுகிற செருப்பை எங்களில் ஒருவரும் வீட்டுச் சாமான் என்று எண்ணியிருக்கவில்லை.

கூடையை அவர் கீழே வைத்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாக வைத்தார்.

"மேல்வீட்டு மனிசி ரெலிபோன் எடுத்தா ஒண்டும் சொல்லாதையுங்கோ," என்றார் உருத்திரமூர்த்தி. "ஒப்பரேசன் முடியட்டும்."

"கேட்டா?"

"நல்லா இருக்கிறான் எண்டு சொல்லுங்கோவன்."

"நல்லா இருக்கிறானோ எண்டு எனக்குத் தெரியாதே, தம்பி."

அகதி விசாரணையிலும் அவர் இப்படித்தான். தன் ஊரான கப்பல்துறையை விட்டுப் போன திகதியைக் கேட்டபோது, ஏதாவது ஒரு திகதியைச் சொல்லும்படி சட்டத்தரணி கண்ணைக் காட்டிக் காட்டி அலுத்துப்போக, "அது எனக்கு நினைவில்லை" என்று மூன்று முறை சொன்னவர்.

பிறகு அவர், களவெடுத்ததை அது எங்கே கொண்டுபோய் ஒளிக்கிறது என்று பார்க்க, தன் காலுறையைக் கழற்றி ஹென்றியின் முன் போட்டார். ஹென்றி அதைக் கவ்விக்கொண்டு ஓடியது. விமலநாதன் வயிற்றால் ஊர்ந்து பின்னால் போனார். அது சுவரோரமாகப் போய், குசினி மூலையில் வாய் திறந்திருந்த இருபது இறாத்தல் அரிசிப் பைக்குள் குதித்தது. பைக்குள் உருத்திரமூர்த்தியின் தொப்பி, ஒரு தேக்கரண்டி, கடித்துக் குதறிய நீல றப்பர்.

பத்திரிகைத் தாளில் வலது செருப்பைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்தேன். அந்தக் கோட்டுக்குள் துண்டுகளைப் பொருத்தத் தொடங்கினோம். பதினெட்டுத் துண்டு. குதிக்காலில், பெருவிரல் நகமளவு, ஓர் இடம் வெறுமையாக இருந்தது. மணி நாலரை.

விமலநாதன் கட்டில் விரிப்பை உருவி வந்து தரையில் விரித்து அரிசியைக் கொட்டினார். மூவரும் சுற்றி இருந்து, கல்லுப் பொறுக்குவதுபோல் விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தோம். ஹென்றி மட்டும் அரிசிக்கு மேலாக ஓடி விளையாடியது. அதை விரட்ட யாருக்கும் மனம் வரவில்லை. நாலு ஐம்பத்திரண்டுக்கு உருத்திரமூர்த்தி, "இந்தா," என்றார். துண்டை விமலநாதன் வாங்கி வெறுமையான இடத்தில் வைத்தார். இரண்டு பக்கமும் இடைவெளி இல்லாமல் பொருந்தியது. அவர் அப்படியே பின்னால் சாய்ந்து அரிசிக்குள் படுத்துவிட்டார்.

"சோறு இனி ஆர் தின்னுறது?" என்றார் உருத்திரமூர்த்தி. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. விமலநாதன் முதுகெல்லாம் அரிசியோடு எழுந்து போய் எடுத்தார். 'எல்லாம் சரி' என்று சொல்லியிருந்தால் இப்போது அது பொய்யும் இல்லை. அவர் செருப்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். பிறகு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தினை துண்டெண்டு கேக்கிறா, ஐயா."

"பத்தொன்பது."

"டிஸ்நெஃப்," என்று பிரெஞ்சில் சொன்னார் தொலைபேசிக்குள். யோசெப்பினின் சிரிப்பு எனக்கே கேட்டது. "நாளைக்குக் காலமை எட்டு மணிக்குத் தன்னை ஒப்பரேசனுக்குக் கொண்டுபோகினமாம்," என்றார் எங்களிடம். "இப்ப அவனோடை கதைக்க வேணுமாம்."

ஹென்றி அவர் சுவெற்றரின் கைக்குள் ஏற்கெனவே நித்திரையாகிவிட்டது. அவர் அதை எழுப்பவில்லை. தொலைபேசியின் கைபிடியை அதன் சின்னக் காதருகே பிடித்தார். உள்ளே அந்தப் பெண் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கியதும், விமலநாதன் கையை எட்டியமட்டும் நீட்டி, தன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.