சுரங்க வாசலில் ஒரு தகடு

சுவிஸின் டாவோஸ் மலைக்காட்டில் மழை. கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்கத்தைப் பார்க்கப் போகிறவர்கள், எண் போட்ட தகடொன்றை வாசல் பலகையின் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். காவலுக்கு யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர்.

உள்ளே குனிந்தே நடக்கிறேன். பாறையில் உளித்தடங்கள் இன்னும் கூராக இருக்கின்றன. வெட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. வெளியே வந்தவன், தகட்டை மறந்து இறங்குகிறேன். அவர் பின்னால் ஓடி வருகிறார்.

“தகட்டைக் கழட்டிப்போட்டுப் போங்கோ.”

“நான் வெளியிலை வந்ததைக் கண்டனீங்கள்தானே, அண்ணை?”

“ஓம், கண்டனான். எண்டாலும் தகடு தொங்கினால் உள்ளுக்குப் போய்த் தேடத்தான் வேணும்.” மூச்சு வாங்குகிறார். “சண்டை முடிய என்ரை தம்பியை ஆமிக்காரர் பஸ்ஸிலை ஏத்தேக்கை ஒருத்தரும் ஒரு தகடும் மாட்டேல்லை.”

திரும்பிப் போய்க் கழற்றுகிறேன். வெறும் ஆணிகளை அவர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுகிறார்.