மேசைக்கு அந்தப் பக்கத்துத் திரை

கம்ப்யூட்டர் மாட்டிக்கொடுக்கும் தொழிலில், எது கெட்டாலும் கடைசியாகத் தொட்டவன்தான் பொறுப்பு. இந்தச் சங்கதியில் கடைசியாகத் தொட்டவன் நான் என்றார்கள். அது உண்மைதானா என்று பல வருடங்களாகச் சந்தேகித்திருக்கிறேன். வயர்களோடு மல்லுக்கட்டியிருந்தால் உங்களுக்கும் புரியும்.

பார்ட்டி படிக்கட்டும்

இரண்டாயிரத்துச் சொச்சம். திருத்தணி தாலுகா ஆபீஸ் பக்கத்தில் பத்திரம் எழுதும் ராஜவேலு லேப்டாப் வாங்கினார். பத்திரம் எழுத வந்து எதிரே உட்காரும் பார்ட்டிகளும் படிக்க, அவர்கள் பக்கம் திருப்பி ஒரு மானிட்டர் மாட்டச் சொன்னார். மாட்டினேன். ராஜவேலுவுக்கு அதன் முதுகுதான் தெரியும். "பரவால்ல. அப்புறம் எவனும் நான் படிக்கலன்னு சொல்லக்கூடாது பாரு."

காணாமல்போன அம்பு

இரண்டு திரைகளையும் முதலில் தனித்தனியாக விட்டிருந்தேன். மறுநாளே கூப்பிட்டார். மவுஸை அதிகம் தள்ளினால் அம்பு லேப்டாப்பின் ஓரத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துத் திரைக்குப் போய்விடுகிறது. அவர் மவுஸைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டிலும் ஒரே படம் தெரியும்படி மாற்றினேன். மாற்றினேன் என்றுதான் நினைவு. அதை மாற்றுவதற்கு முன், பெஞ்சில் காத்திருந்த அம்மையார்குப்பத்து நெசவாளர் அவரிடம் சொன்னார்: "ஐயா, அது எங்ககிட்டதான் சுத்திகினு கீதுங்க. இப்படி வந்து இட்டுகினு போங்க."

கிணறு

சில மாதங்கள் கழித்து, கனகம்மாசத்திரத்து முனியம்மா தன் பங்கு நிலத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து எழுதினார். கிணற்றுத் தண்ணீரில் மட்டும் தன் பாத்தியதை இருக்க வேண்டும் என்றார். புருஷன் விட்டுப்போன அரை ஏக்கர் மல்லிப்பூத் தோட்டத்துக்கு வேறு தண்ணீர் கிடையாது. திரையில் எழுத்துக்கூட்டிப் படித்தார். தாளில் கையெழுத்துப் போட்டார். தாளில் கிணறும் அண்ணனுக்கே போயிருந்தது. அண்ணன் மோட்டார் ரூமைப் பூட்டிய பிறகுதான் அது தெரிந்தது. என் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "உன் டிவியிலதான் நைனா படிச்சேன். அதுல கெணறு இருந்துச்சே."

மிஷின் தப்பு

ராஜவேலுவிடம் போனேன். "அந்தம்மா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மவுஸ் மாத்த வந்தியே, அப்ப ரெண்டையும் மறுபடி தனியா விட்டுட்டுப் போயிட்ட. கெணறு இருந்த பழைய நகல் அந்தப் பக்கம் நின்னுபோச்சு. மிஷின் தப்புக்கு நான் என்னா பண்ணட்டும்?"

நீலம்

அதையே கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஊரில் பாதி ஆபீஸ் வேலை அவர் சொல்லித்தான் எனக்கு வந்தது. மல்லி காய்ந்தது, முனியம்மா பூக்கட்டும் கூலிக்குப் போனார். தனித்தனியாக விட்டால் வெளித்திரை வெறும் நீலமாகத்தான் நிற்கும். எந்த நகலும் தானாக அங்கே போய் உட்காராது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் என்னையே சந்தேகித்துக்கொண்டிருந்தது, யோசித்தால், எனக்கு ரொம்ப வசதியான கஷ்டம்.

வருடங்கள் கழித்து ராஜவேலு புது மானிட்டர் மாட்டக் கூப்பிட்டார். மாட்டி முடித்து, மவுஸை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டேன்:

"அண்ணா, அன்னிக்குப் பழைய நகல அந்தப் பக்கம் இழுத்து வச்சது யாரு?"