எறும்புப் பெட்டியைச் சுற்றி அரிசி மாவு

எறும்பு வளர்க்கும் கண்ணாடிப் பெட்டியை ஆன்லைனில் வாங்கினேன். ராணி எறும்பை மட்டும், மழை விட்ட ஒரு மாலையில், பூதலூரில் எங்கள் வாசலிலேயே பிடித்தேன். இப்போது உள்ளே ஒரு குடும்பமே இருக்கிறது.

இன்று காலை மனைவி அரிசி மாவில் கோலம் போட்டாள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பாதிக் கோலத்தைக் காணோம்.

வாசலிலிருந்து கூடம் வரை எறும்பு வரிசை. ஆளுக்கொரு துளி மாவைப் பெட்டியைச் சுற்றி வைத்துவிட்டு அப்படியே நிற்கின்றன. உள்ளே இருப்பவையும் கண்ணாடியில் ஒட்டி அசையாமல் நிற்கின்றன.

“அவங்க வீட்டுப் பொண்ணத் தூக்கிட்டு வந்துட்டீங்க. சீர் கொண்டாந்திருக்காங்க” என்றாள் மனைவி. சிரிக்கவில்லை.

சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சீரை வாங்கிக்கொள்வதா, பெண்ணை அனுப்பிவிடுவதா?

சீக்கிரம் சொல்லுங்கள். வரிசை சோபா பக்கம் திரும்பிவிட்டது.