‘வைரஸ் இல்லை’ என்று நான் சொன்னது

அந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவள் நான்தான். வைரல் லோட், அதாவது இரத்தத்தில் எச்.ஐ.வி. எவ்வளவு இருக்கிறது என்ற அளவு, ‘தென்படவில்லை’ என்று வந்திருந்தது.

“சந்தோஷப்படுங்கோ அண்ணை, மருந்து நல்லா வேலை செய்யுது.”

சேவியர் அண்ணை (பெயரை மாற்றியிருக்கிறேன்) கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரர். கப்பலில் சமையல்காரராக இருந்தவர்.

“அப்ப ஏன் மிஸ் நான் இப்பிடி மெலியிறன்?”

“ஒழுங்காச் சாப்பிடுறேல்லையோ?”

“சமையல்காரனிட்ட கேக்கிற கேள்வியா இது?” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

கொழும்பில் ஒரு கிளினிக்கின் லேபில் அப்போது வேலை செய்தேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி-4 எண்ணிக்கை அவருக்கு ஒவ்வொரு முறையும் இறங்கிக்கொண்டே வந்தது. வைரஸ் இல்லையென்றால் அது ஏற வேண்டும். “சிலருக்கு மெதுவாத்தான் ஏறும்” என்றார் டொக்டர். வைரல் லோட், சிடி-4 இரண்டு ரிப்போர்ட்டிலும் கையெழுத்து என்னுடையது. இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

பிறகு மாற்றலாகி வந்த டொக்டர் என்னைக் கூப்பிட்டார். “மிஸ், இவர் எந்தப் பக்கம் கப்பல்ல போனவர் எண்டு யாராவது கேட்டீங்களா?”

ஒருவரும் கேட்கவில்லை. கேட்டபோதுதான் தெரிந்தது: மேற்கு ஆபிரிக்கக் கரையோரம், எட்டு வருடம்.

இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினோம். வந்த பதில் எச்.ஐ.வி. இரண்டாம் வகை. மேற்கு ஆபிரிக்காவில்தான் அது கூடுதல், இங்கே மிக அரிது. நோயை முதலில் கண்டுபிடித்த பரிசோதனை இரண்டு வகைக்கும் ‘இருக்கு’ என்றே காட்டும். அதன் மரபணு வேறு. வைரல் லோட் பார்க்கும் எங்கள் மெஷின் முதலாம் வகையை மட்டும் தேடும். அது இல்லாததால் ‘தென்படவில்லை’ என்றது. அவர் குடித்த மூன்று மருந்தில் ஒன்று இரண்டாம் வகையிடம் எடுபடவே எடுபடாது. மற்ற இரண்டும் தனியாகத் தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு நாள்கூடத் தவறாமல் மருந்து குடித்த மனுசன் அவர்.

மருந்தை மாற்றினார்கள். சிடி-4 மெல்ல ஏறியது. ஆனால் அதற்குள் விழித்திரையில் கிருமி தொற்றி வலது கண் பார்வை போய்விட்டது.

அடுத்த முறை இரத்தம் கொடுக்க வந்தபோது அவரிடம் சொன்னேன். “அண்ணை, பிழை என்னிலயும் இருக்கு. ரெண்டு ரிப்போர்ட்டும் ஒண்டுக்கொண்டு ஒத்துவரேல்லை. நான் கவனிக்கேல்லை.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கையை மேசையில் நீட்டியபடி யோசித்தார்.

“என்னை மாதிரி வேற ஆருக்கும் இருக்குமோ மிஸ்? பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. அன்றைக்கே பழைய ஃபைல்களை இறக்கி, வைரஸ் இல்லை என்று வந்தும் சிடி-4 இறங்கியவர்களைத் தேடத் தொடங்கினேன். அவர்களின் இரத்தத்தையும் அனுப்பிப் பார்த்ததில், இரண்டாம் வகை வேறொருவருக்கும் இருக்கவில்லை.

லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். மெஷின் ‘இல்லை’ என்றால், அதற்குத் தேடத் தெரிந்தது இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். முன்னால் நிற்கிற ஆள் வேறு மாதிரிச் சொன்னால் நின்று கேளுங்கள். இதை நான் சேவியர் அண்ணையின் ஒரு கண் போன பிறகுதான் படித்தேன். அப்போதும்கூட, மற்றவர்களைப் பற்றிய அந்தக் கேள்வி முதலில் அவருக்குத்தான் வந்தது, எனக்கு வரவில்லை.