அப்பாவின் கழுத்து, என் தோள்

அப்பாவிடம் முதல் அறை வாங்கியபோது அது எதற்கென்றே எனக்குத் தெரியவில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். எனக்கு எட்டு வயது. பாப்பாரப்பட்டியில் எங்கள் வீட்டு வாசல் முழுக்கப் புளி கொட்டிக் கிடந்தது. ரோட்டோரப் புளியமரங்களை ஏலத்தில் எடுத்து, காயை உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை நீக்கி விற்பது அப்பாவின் தொழில். கூலிக்கு வந்த பெண்கள் உட்கார்ந்து கட்டையால் புளியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தராசுப் பக்கம் நின்றிருந்த அப்பா அவர்களிடம் ஏதோ சொன்னார். சொல்லும்போதே அவர் கழுத்து வலது பக்கம் வெட்டி இழுத்தது. அது எப்போதும் அப்படித்தான். அதே நேரத்தில் என் வலது தோளும் காதைத் தொடுகிற மாதிரி எகிறியது. ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டாள். முந்தானையை வாயில் திணித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரிக்க, வாசலே சிரித்தது.

விழுந்த அறையில் நான் புளிக் குவியலுக்குள் போய்க் கிடந்தேன்.

"அப்பனையே பழிப்புக் காட்டறியா?" என்றார்.

சின்ன வயதிலிருந்தே அவருக்கு அந்தக் கழுத்து வெட்டு உண்டு. அதை வைத்து ஊர் அவருக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டியிருந்தது. அதை எழுத இன்றைக்கும் எனக்கு மனசில்லை. அவர் முகத்துக்கு நேரே சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது. சந்தையில் அவரைப் போலக் கழுத்தை வெட்டிக் காட்டிய ஒருவன், தன் பல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அப்படிப்பட்டவருக்குத் தான் பெற்ற மகளே வாசலில் நின்று, கூலிக்காரர்கள் பார்க்க, பழிப்புக் காட்டுகிறாள் என்றால் எப்படி இருக்கும்!

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையின் உடம்பு இப்படி வெட்டினால் பேய் என்று கோயிலுக்கு இழுத்துப் போவார்கள். என் விஷயத்தில் யாரும் பேயைக்கூட நினைக்கவில்லை. பேய் என்றிருந்தால் கொஞ்சம் பரிதாபமாவது கிடைத்திருக்கும். எனக்குப் பிடித்திருப்பது கொழுப்பு என்று முடிவாகிவிட்டது.

அதற்கு ஆதாரத்தையும் நானே கொடுத்தேன். அப்பா முறைத்தால் என்னால் கொஞ்ச நேரம் அடக்க முடியும், தும்மலை அடக்குகிற மாதிரி. ஆனால் அடக்க அடக்க உள்ளே சேர்ந்துகொண்டே போகும். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஓடி, தோளை எகிறவிட்டு, தொண்டையில் க்கும் க்கும் என்று கனைத்து, சேர்ந்ததையெல்லாம் தீர்ப்பேன். தீர்ந்த சுகத்தில் சிரிப்பு வரும். ஒரு நாள் அந்தச் சிரிப்போடு பிடிபட்டேன்.

"எம் முன்னால கம்முனு நிக்குது, முதுகுக்குப் பின்னால ஆடுது. பாத்தியா உம் புள்ளையோட நடிப்ப?" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் புளியங்குச்சி மிளாறை உருவினார். என் கெண்டைக்காலில் பட்டை பட்டையாகத் தடித்தது. அம்மா குறுக்கே வந்து விழுந்தாள். அவள் முதுகிலும் விழுந்தது.

"வுடுங்க, புள்ள செத்துருவா."

"அவள நிறுத்தச் சொல்லு, நான் நிறுத்தறேன்."

நிறுத்த முடியவில்லை. அடி விழ விழ அதிகமானது. தோளோடு இருந்தது கண்ணுக்கும் வாய்க்கும் ஏறியது. பள்ளிக்கூடத்துக்கு மிளாறுத் தழும்போடு போவேன், திரும்பி வந்து புதிதாக வாங்குவேன். அப்பா ஏறுகிற மரத்தின் கிளை முறியவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன். அவ்வளவு வெறுப்பு.

பங்குனியில் சேலத்து வியாபாரி சரக்குப் பார்க்க வந்தார். அப்பா விலை பேசினார். அப்பாவின் கழுத்து வெட்டியது, என் தோள் எகிறியது. வியாபாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மீசைக்குள் சிரித்தார். அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த பெண்ணின் கையிலிருந்து புளி தட்டுகிற கட்டையைப் பிடுங்கிய அப்பா, எந்தத் தோள் எகிறியதோ அந்தத் தோளிலேயே இறக்கினார். காய்ந்த புளியங்காய் ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வியாபாரி அப்பாவின் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் கழுத்துக்குக் கீழே காறையெலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். டாக்டர் கட்டுப் போடும்போது அப்பா வந்து கதவோரம் நின்றார். அடுத்த பஸ்ஸில் வந்திருப்பார். டாக்டர் துணியை இழுத்துக் கட்டுகையில் என் தோள் எகிறியது. உடைந்த எலும்பு உள்ளே குத்தியது. நான் வீறிட்டேன்.

"அசையாம இரும்மா."

"முடியலிங்க சார்."

மறுபடி எகிறியது. மறுபடி கத்தினேன். அடக்கப் பார்த்து உதட்டைக் கடித்ததில் அது கிழிந்து ரத்தம் வந்தது. அப்படியும் எகிறியது. டாக்டர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கதவோரம் பார்த்தார். அங்கே அப்பாவின் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நாளா இப்படித்தான் இருக்காளா?"

"பழிப்புக் காட்டறான்னு..." அம்மா முடிக்கவில்லை.

"எலும்பு ஒடஞ்ச தோள எந்தப் புள்ளையாவது பழிப்புக்குத் தூக்குமா?" என்று அவர் அப்பாவைக் கேட்டார். "இது நரம்புல இருக்கறது. பரம்பரையா வரும். பொம்பளப் புள்ளைங்களுக்குக் கம்மி, இவளுக்கு வந்திருச்சு. ஒருத்தருக்குக் கழுத்துல வரும், இன்னொருத்தருக்குத் தோள்ல வரும். உங்கப்பாவுக்கு ஏதாச்சும் உண்டா?"

அப்பா கதவை விட்டு உள்ளே வந்தார். "கண்ணுங்க. கண்ணையும் வாயையும் இறுக்கி இறுக்கி மூடுவாருங்க."

"அடிச்சா கூடுமே தவிரக் கொறையாது. வுட்டுட்டா, வளரும்போது நெறையப் பேருக்குத் தானாக் கொறையும்."

ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் அப்பா எங்களை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. ஏரியூர் பஸ்ஸில் ஏற்றினார். அங்கேதான் அவருடைய அப்பா, என் தாத்தா, தனியாக இருந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. "எதுக்குங்க இப்ப அங்க?" என்று கேட்ட அம்மாவின் கையில் டிக்கெட்டைத் திணித்தார்.

தாத்தா வாசலில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தார். அப்பா என்னை அவர் முன்னால் நிறுத்தினார். தோள் எகிறியது, நான் அலறினேன். தாத்தா கண்ணையும் வாயையும் இறுக்கி மூடித் திறந்தார்.

"உன்னையாட்டமே பழிப்புக் காட்டுது. இன்னும் ரெண்டு போடு. உன்னைய நான் அடக்கல?"

அப்பா அறைந்த அறையில் களித்தட்டு வாசலைத் தாண்டிப் போய் விழுந்தது. தாத்தாவின் பனியனைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் சாத்தி மறுபடி அறைந்தார். "நீ குடுத்ததுய்யா இது! குடுத்துட்டு நீயே அடிச்சியே!" அப்பா தன் அப்பாவை நீ என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் நாலு விழட்டும் என்று நின்றேன்.

தாத்தாவின் வாயோரம் ரத்தம் வந்தது. கண் இறுகி இறுகித் திறந்தது. "என்னையும் இப்படித்தாண்டா அடிச்சாங்க" என்றார். "எனக்கு யாருடா சொன்னா?"

அப்பாவின் பிடி விட்டது. வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் கழுத்து வெட்டிக்கொண்டே இருந்தது. எனக்குத் தோளில் அடுத்தது சேர்ந்துகொண்டிருந்தது. பயத்தில் பல்லைக் கடித்து அடக்கினேன். அதை அவர் பார்த்துவிட்டார். கையை நீட்டினார். அடிதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் உள்ளங்கையை என் முழங்கைக்குக் கீழே கொடுத்துத் தாங்கிப் பிடித்தார்.

"வரட்டும் வுடு" என்றார்.

விட்டேன். வலித்தது. ஆனால் பாதிதான் வலித்தது.